மதியத்துக்குள் மலை: தனியாகத் தங்கப் போகிறவருக்கு ஒரு நாள் வழிகாட்டி

மலை நகரத்துக்கு முதன்முறை தனியாகப் போகிறவர்கள் சமவெளியில் பழகிய பொழுதையும் பையில் போட்டு எடுத்துச் சென்றுவிடுகிறார்கள். எட்டு மணிக்கு எழுந்து, ஒன்பதரைக்குச் சாப்பிட்டு, பதினொரு மணிக்கு வெளியே வரும்போது அன்றைய நாளின் நல்ல பாதி முடிந்திருக்கிறது. முகடுகள் தெளிவாகத் தெரிந்த நேரம் போய், மேகம் ஏறத் தொடங்கியிருக்கும். பகல் பயணிகளின் வண்டிகள் வந்து சேர்ந்திருக்கும். மாலையில் இருட்டும் குளிரும் சேர்ந்து வந்து அறைக்குள் தள்ளும்போது, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று மனம் சலித்துக்கொள்ளும். குடும்பத்தோடு வந்தவர்களுக்கு அறைக்குள் பேச்சுத்துணை உண்டு. தனியாக வந்தவருக்கு அந்த மாலை மிக நீளமானது.

இங்கே நான் சொல்ல வருவது பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் அல்ல. மூன்று நாளோ பத்து நாளோ ஒரு மலை நகரத்தில் தங்கும்போது, அதில் ஒரு சாதாரண நாளை எப்படி அமைத்துக்கொள்வது என்பதுதான். ஒரே ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதிலிருந்தே பிறக்கும்: தூரம், உயரம், உழைப்பு மூன்றையும் மதியத்துக்கு முன்னால் வையுங்கள், அருகிலிருப்பதையும் கதகதப்பானதையும் மதியத்துக்குப் பிறகு வையுங்கள்.

முதல் படி: அறை

அறையின் அழகை விட அது மலையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது முக்கியம். வரைபடத்தில் கடைவீதியிலிருந்து நானூறு மீட்டர் என்று காட்டும். அந்த நானூறு மீட்டர் முழுவதும் படிக்கட்டாக இருக்கலாம்; நாளுக்கு மூன்று முறை அதில் ஏறி இறங்க வேண்டும், அதில் ஒரு முறை இருட்டில். ஆகவே முன்பதிவு செய்யும்போது தூரத்தைக் கேட்காதீர்கள். "சாலையிலிருந்து அறைக்கு எத்தனை படி ஏற வேண்டும்? இரவில் அந்த வழியில் விளக்கு எரியுமா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் படிகள் நிறைய இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஜன்னல் எந்தத் திசை பார்க்கிறது என்று விசாரியுங்கள். எல்லோரும் பள்ளத்தாக்கு தெரிகிற அறையைக் கேட்பார்கள். நான் கிழக்கு பார்த்த அறையைக் கேட்பேன். காலை வெயில் நேராக உள்ளே விழுகிற அறையில் ஈரத்துணி காயும், படுக்கை சில்லிட்டுப் போகாது, எழுப்ப அலாரமும் தேவைப்படாது. எந்நேரமும் நிழலில் கிடக்கும் அறையில் எவ்வளவு போர்வை கொடுத்தாலும் ஈர வாடை போவதில்லை.

வெந்நீர் எந்த நேரத்தில் வரும், மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு உண்டா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் உறுதியாக இருக்கிறதா, வெளிவாசலை இரவு எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பவற்றையும் கேட்டுவிடுங்கள். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். விடியலுக்கு முன் கிளம்புகிறவருக்கும் அதே பூட்டுத்தான்.

இரண்டாம் படி: ஏறும் வழி, முதல் மாலை

கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் புரட்டுவது பலவீனத்தால் அல்ல. உடல் ஆடுவதை உட்காது உணர்கிறது. கண்ணோ வண்டிக்குள் இருக்கும் அசையாத இருக்கையையும் கைபேசியையும் பார்க்கிறது. இரண்டு செய்திகளும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். முன்வரிசை இருக்கையில் உட்காருங்கள், தொலைவில் ஓர் இடத்தைப் பாருங்கள், கைபேசியைப் பையில் வையுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம். காது அடைத்தால் எச்சிலை விழுங்குங்கள் அல்லது கொட்டாவி விடுங்கள். உள்ளே அடைபட்ட காற்று வெளியேறிவிடும். பையில் இருக்கும் தின்பண்டப் பொட்டலம் பலூன் போல உப்புவதும் இதே காரணத்தால்தான். ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. 2000 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான்.

அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் குறைகிறது. 2000 மீட்டருக்கு உட்பட்ட ஊர்களில் படியேறும்போது சற்று அதிகமாக மூச்சு வாங்குவதோடு இது நின்றுவிடும். 2500 மீட்டரைத் தாண்டிய ஊர் என்றால் உயர நோயைப் பற்றித் தெரிந்துகொண்டே போக வேண்டும். ஊரை அடைந்து சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் முதல் இரவில், தலைவலி தொடங்கும். கூடவே குமட்டல், அசதி, தலைச்சுற்றல். இதற்கு வயதும் உடற்பயிற்சியும் பாதுகாப்பு அல்ல. திடகாத்திரமான இளைஞர்களும் படுத்துவிடுவார்கள். லேசான தலைவலி என்றால் அன்று மேலே ஏறாமல் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் கால் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறங்க வேண்டும், உதவிக்கு ஆளையும் மருத்துவரையும் தேட வேண்டும். 3000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் போவது மலையேறிகள் கைக்கொள்ளும் நிதானம்.

தனியாகப் போகிறவருக்கு இதில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. உயர நோய் முற்றும்போது உங்கள் தீர்மானிக்கும் திறனும் மழுங்கிவிடும். பக்கத்தில் நின்று "உன் பேச்சே சரியில்லையே" என்று சொல்ல ஆள் இல்லை. ஆகவே தலைவலி வந்த முதல் நிமிடத்திலேயே விடுதியில் இருப்பவரிடம் சொல்லிவையுங்கள்: "எனக்குத் தலை வலிக்கிறது, ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் தட்டிப் பாருங்கள்." கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள்.

முதல் மாலையில் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். வெளிச்சம் இருக்கும்போதே வெந்நீரில் குளித்து, தலைமுடியை முழுக்கத் துவட்டிவிடுங்கள். தங்கும் இடத்திலிருந்து கடைவீதி வரை ஒரு முறை நடந்து வாருங்கள். பஸ் நிலையம், மருந்துக் கடை, மருத்துவமனை, கடைசி பஸ் புறப்படும் நேரம் நான்கையும் தெரிந்துகொண்டு திரும்புங்கள். மது வேண்டாம், புதிய உயரத்தில் அது தூக்கத்தையும் மூச்சையும் கெடுக்கும்.

மூன்றாம் படி: விடியல்

சூரியன் எழுவதற்கு அரை மணி நேரம் முன்பே எழுந்து ஜன்னலைத் திறந்து பாருங்கள். மலையில் தங்கிய பலன் இதுதான்; பகல் பயணிகள் எவ்வளவு செலவு செய்தாலும் கிடைக்காத நேரம் இது. இரவெல்லாம் குளிர்ந்து கனத்த காற்று சரிவு வழியே வழிந்து பள்ளத்தாக்கில் தேங்கியிருக்கும். அதனால் கீழே மூடுபனி வெள்ளமாய்க் கிடக்க, மேலே முகடுகள் கழுவிவிட்டது போல நிற்கும். வெயில் ஏறியதும் இது தலைகீழாகும். சரிவுகள் சூடாகி, காற்று கீழிருந்து மேலே ஏறத் தொடங்கும். ஏறிய காற்று குளிர்ந்து அதிலிருக்கும் ஈரம் மேகமாகும். முற்பகலில் முகட்டைச் சுற்றிப் பஞ்சுபோல் ஒட்டும் மேகம் பிற்பகலில் மழையாகவோ இடியாகவோ இறங்குவது இப்படித்தான். எல்லா நாளும் இப்படி நடக்காது என்றாலும், வெயில் காலத்தில் இதை எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும். ஊர்க்காரர்கள் "மதியத்துக்குள் வந்துவிடுங்கள்" என்று சொன்னால் அது வழக்கமான உபசார வார்த்தை அல்ல.

உடையைப் பற்றி ஒரு கணக்கு. ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறைகிறது. கீழே சமவெளியில் 32 டிகிரி இருந்தால் 2000 மீட்டரில் ஏறத்தாழ 19 டிகிரி, இது பகலில். இரவும் காற்றும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் குறையும். இதற்கு ஒரே ஒரு தடித்த கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போவது தவறான வழி. ஏறும்போது வியர்த்து நனைவீர்கள், நின்றதும் அந்த வியர்வையே உறைய வைக்கும். மூன்று அடுக்காகப் போடுங்கள்: உடலை ஒட்டி, சீக்கிரம் காய்கிற மெல்லிய பனியன், நடுவில் கம்பளி, வெளியே காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய மேலங்கி. நனைந்த பருத்தி உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். குளிரவே இல்லை என்றால் ஓர் அடுக்கு அதிகம்.

குளிர் இருக்கிறதே என்று வெயிலை அலட்சியம் செய்யாதீர்கள். ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. பனி படர்ந்த நிலம் என்றால் கீழிருந்தும் பட்டுத் திரும்பி வரும். தொப்பியும் கருப்புக் கண்ணாடியும் ஆடம்பரம் அல்ல.

நான்காம் படி: சொல்லிவிட்டுப் போவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவேன் என்று நீங்கள் சொன்னால், இதைப் பின்பற்றுங்கள் என்பேன்.

வெளியே கால் வைக்கும் முன் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள். எந்தப் பாதையில் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன், அந்த நேரத்தைத் தாண்டி எத்தனை மணி வரை நான் வரவில்லை என்றால் தேட ஆள் அனுப்ப வேண்டும். இதை விடுதியின் முன்மேசையில் கொடுங்கள். படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கும் அனுப்புங்கள். தேடுகிறவர்களுக்கு மிகப் பெரிய தடை எங்கே தேடுவது என்று தெரியாததுதான். பாதையின் பெயர் தெரிந்தால் ஒரு சரிவில் தேடுவார்கள். தெரியாவிட்டால் முழு மலையையும் தேட வேண்டும். திரும்பி வந்ததும் அந்தத் தாளை நீங்களே வாங்கிக் கிழித்துவிடுங்கள். வந்துவிட்டதைச் சொல்லாமல் அறைக்குப் போய்த் தூங்கிவிட்டால், உங்களுக்காக யாரோ ஒருவர் இருட்டில் டார்ச்சோடு கிளம்ப நேரிடும்.

போகும் வழியை நடுவில் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் சிக்னல் இருக்கும் இடத்திலிருந்து செய்தி அனுப்பிவிட்டு மாற்றுங்கள்.

கைபேசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தை அறையில் இருக்கும்போதே பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் செயற்கைக்கோளைக் கொண்டு கைபேசி உங்கள் இடத்தைக் காட்டும். ஆனால் கீழே விரியும் வரைபடம் முன்பே உள்ளே இருக்க வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் கோபுரத்தைத் தேடித் தேடியே மின்கலம் தீர்ந்துவிடும் என்பதால் விமானப் பயன்முறையில் வையுங்கள். குளிரிலும் மின்கலம் சீக்கிரம் சோர்ந்துபோகும். வெளிப்பையில் வைக்காமல் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். அந்த நாட்டின் அவசர உதவி எண்ணைத் தெரிந்துவைத்திருங்கள். 112 பல நாடுகளில் வேலை செய்யும்.

ஐந்தாம் படி: நடை

எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிக்க ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஒரு கணக்கைச் சொன்னார். இன்றும் அது பயன்படுகிறது. கிலோமீட்டர் அளவில் சொன்னால், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஆறு கிலோமீட்டர் தூரமும் 300 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதை என்றால் 72 நிமிடமும் 30 நிமிடமும் சேர்த்து, ஒரு மணி 42 நிமிடம். இது ஓய்வே எடுக்காமல் நடக்கும் பழகிய காலுக்கு. புதியவர் அதில் பாதியை மேலும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். சமவெளியில் ஆறு கிலோமீட்டரை ஒன்றேகால் மணி நேரத்தில் நடக்கிறேனே என்ற நினைப்போடு மலைக்கு வருகிறவர்கள்தான் இருட்டில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆகவே, கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். ஆறரைக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்கு எங்கே நின்றாலும் திரும்புவது. உச்சி இன்னும் இருநூறு அடிதான் என்றாலும் திரும்புவது. உச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கும்போது மனம் தர்க்கம் செய்யும். அந்தத் தர்க்கத்துக்கு இடம் கொடுக்காமல் இருக்கத்தான் முன்கூட்டியே முடிவு செய்கிறோம்.

நான் ஒரு முறை அதற்கு இடம் கொடுத்தேன். பனிமூட்டம் மெலிதாகத்தான் தெரிந்தது; இன்னும் ஒரு வளைவு, இன்னும் ஒரு வளைவு என்று போனேன். கால் மணி நேரத்துக்குள் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. திரும்பி இறங்கியபோது ஒற்றையடிப் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஏறும்போது அந்தப் பிரிவைக் கவனித்த நினைவே எனக்கு இல்லை. காரணம் எளிமையானது: மேலே ஏறுகிறவருக்கு இரண்டு பாதைகள் சேர்ந்து ஒன்றாவது கண்ணில் படாது, இறங்குகிறவருக்குத்தான் அது பிரிவு. அங்கேயே ஒரு பாறையின் மறைவில் கம்பளியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரத்தில் மூட்டம் கலைந்து கீழே கூரைகள் தெரிந்தன. நான் போக நினைத்த பாதை எதிர்ப்பக்கச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நின்று பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். பாதை சேரும் இடம், வளைந்த மரம், உடைந்த சுவர் எது இருந்தாலும் திரும்பி வரும் கண்ணால் ஒரு முறை பார்த்து, படமும் எடுத்துவைக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். மூட்டத்தில் சிக்கினால் நில்லுங்கள். உடம்பு சில்லிடும் முன்பே அடுத்த அடுக்கைப் போடுங்கள். பாதையை விட்டு விலகாதீர்கள். ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் ஓடைகள் அருவியாய் விழும் செங்குத்தான இடங்களுக்கும் கொண்டுபோய்விடும். யாரையாவது அழைக்க வேண்டும் என்றால், ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசில் அல்லது டார்ச் ஒளி, ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. மலைகளில் இது நெடுநாளாக வழங்கும் அபாய அறிவிப்பு. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் உங்களைக் கண்டுகொண்டார்கள் என்று பொருள். குரல் பத்து நிமிடத்தில் கம்மிவிடும். ஒரு விசிலின் எடை ஒன்றுமே இல்லை.

இடி கேட்டால் முகட்டிலிருந்தும் தனிமரத்தடியிலிருந்தும் உடனே விலகிக் கீழே இறங்குங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே உள்ள விநாடிகளை மூன்றால் வகுத்தால் அது எத்தனை கிலோமீட்டர் தள்ளி விழுந்தது என்று தெரியும். ஆனால் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். இடி காதில் விழுகிறது என்றாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள்.

ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் முழங்காலை வாங்கும். களைத்த கால்களோடு, முடிந்துவிட்டது என்ற அலட்சியத்தோடு இறங்குகிறோம், வழுக்குவது அப்போதுதான். சின்னச் சின்ன அடியாக, முழங்காலைச் சற்று மடக்கியபடி இறங்குங்கள். கால் நகங்களை முந்தின நாளே வெட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் விரல்கள் ஷூவின் முனையில் மோதி மோதி நகம் கறுத்துவிடும்.

வழியில் விலங்குகளுக்கு எதையும் கொடுக்காதீர்கள். தின்பண்டத்தைக் கையில் ஆட்டிக்கொண்டும் போகாதீர்கள். குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். குளிரில் எதுவும் சீக்கிரம் மக்காது.

ஆறாம் படி: மதியம்

மதியம் ஊருக்குள் இருப்பீர்கள். சூடாகச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். குளிரில் தாகம் எடுக்காது. ஆனால் வறண்ட காற்றில் மூச்சு வழியாகவே ஈரம் போய்க்கொண்டிருக்கும். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை என்று அர்த்தம். அறையிலேயே தண்ணீர் காய்ச்சுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2000 மீட்டரில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொப்பளிக்கிறது என்பதால் கீழே இருக்கும் சூடு அதில் இருக்காது. ஆகவே அந்த உயரத்துக்கு மேல் ஒரு நிமிடத்துக்குப் பதிலாக மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள்.

துணியைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். ஈர மலைகளில் துணி காயாது. கீழே இரண்டு மணி நேரத்தில் காயும் சட்டை அங்கே இரண்டு நாள் கிடக்கும். பெரிய துணிகளைத் துவைக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். காலுறையையும் உள்ளாடையையும் மட்டும் துவைத்து, காய்ந்த துண்டில் சுருட்டி இறுக முறுக்கிப் பிழிந்து, காலை வெயில் விழும் ஜன்னலில் போட்டுவிட்டு நடைக்குப் போங்கள். மூன்று மணிக்கு முன் எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு காய்ந்தது மறுபடி ஈரத்தை உறிஞ்சும். ஒரு ஜோடிக் காலுறையை எக்காரணம் கொண்டும் வெளியே அணியாமல், படுக்கைக்கு என்றே ஒரு பிளாஸ்டிக் பையில் காப்பாற்றுங்கள். இரவு பத்து மணிக்கு அதன் அருமை தெரியும்.

சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் படுத்துக்கொள்ளலாம். ஐந்து மணிக்கு எழுந்தவருக்கு அது உரிமை.

ஏழாம் படி: நான்கிலிருந்து ஏழு வரை

தனியாக வந்தவர்கள் ஊரை விட்டு ஓடிப்போக நினைப்பது இந்த மூன்று மணி நேரத்தில்தான்.

மேற்கே ஒரு முகடு இருந்தால் பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே சூரியன் அதற்குப் பின்னால் போய்விடும். வானத்தில் வெளிச்சம் இருக்கும், ஊரில் இருக்காது. எவ்வளவு நேரம் மிச்சம் என்று அறியக் கையை நீட்டி, விரல்களைப் படுக்கைவாட்டில் வைத்து, சூரியனுக்கும் முகட்டுக்கும் நடுவில் எத்தனை விரல் பிடிக்கிறது என்று பாருங்கள். ஒரு விரலுக்குச் சுமார் கால் மணி நேரம். வெயில் மறைந்த சில நிமிடங்களில் குளிர் தோளில் வந்து உட்காரும். பகல் பயணிகளின் வண்டிகள் வரிசையாக இறங்கிப்போகும், கடைகள் ஒவ்வொன்றாகக் கதவடைக்கும். பேச யாருமில்லை என்பது அப்போதுதான் உறைக்கும். உங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். பல ஊர்களில் பலமுறை தனியாகத் தங்கியும் எனக்கு முதல் நாள் மாலையில் இது வராமல் இருந்ததில்லை.

இதற்கு நான் கண்ட வழி: அந்த நேரத்தில் அறைக்குள் இருக்காதீர்கள். வெளிச்சமும் சூடும் மனிதர்களும் உள்ள ஓர் இடத்தை முதல் நாளே கண்டுபிடித்து, தினமும் அதே நேரத்துக்கு அதே இடத்துக்குப் போங்கள். ஒரு சின்னக் கடையாக இருக்கலாம், நூலகமாக இருக்கலாம், விடுதியின் கூடமாக இருக்கலாம். புதிது புதிதாக இடம் தேடாதீர்கள். முதல் நாள் நீங்கள் வழிப்போக்கர். இரண்டாம் நாள் "நேற்று வந்தவர்". மூன்றாம் நாள் நீங்கள் கேட்கும் முன்பே கோப்பை வந்துவிடும். அதோடு, நாலாம் நாள் நீங்கள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று நினைக்க அந்த ஊரில் ஒருவர் இருப்பார். நான்காம் படியில் எழுதிய தாள் செய்யும் வேலையை இந்தப் பழக்கமும் சத்தமில்லாமல் செய்கிறது.

பேச்சைத் தொடங்க, "இங்கே என்ன பார்க்கலாம்?" என்று கேட்காதீர்கள். ஆயிரம் பேர் கேட்ட கேள்விக்கு மனப்பாடமான பதில்தான் வரும். "நாளைக் காலை மழை வருமா? அந்த மேல்பாதை இப்போது நன்றாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். மலையில் வாழ்கிறவர்கள் நாள்தோறும் யோசிக்கும் விஷயங்கள் அவை. எந்தப் பாதையில் மண் சரிந்திருக்கிறது, எந்த வளைவில் காலையில் பனி உறைந்திருக்கும் என்பதெல்லாம் அந்தப் பதிலில் வரும்.

அதே சமயம், தனியாக வந்திருக்கிறேன் என்றோ எந்த அறையில் இருக்கிறேன் என்றோ எல்லோரிடமும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கேட்பவரின் தொனி பிடிக்கவில்லை என்றால் "உடன் வந்தவர் அறையில் இருக்கிறார்" என்று சொல்லி எழுந்துவிடலாம். பெண்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண்களும் கற்றுக்கொள்வது நல்லது.

வீட்டோடு பேசுவதற்கும் இந்த நேரத்தையே வையுங்கள். தினமும் ஒரே நேரம். எப்போதும் ஆறரைக்குப் பேசுகிறவர் ஏழரை வரை பேசவில்லை என்றால் வீட்டார் விடுதிக்கு அழைத்துக் கேட்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். விடுதியின் எண் அவர்கள் கையில் இருக்கட்டும். மூட்டமோ மின்தடையோ சிக்னலைக் கெடுத்திருந்தால் அவர்கள் பதறாமலிருக்க, அப்படியும் நடக்கும் என்று சேர்த்தே சொல்லுங்கள்.

எட்டாம் படி: இரவு

இருட்டியபின் நகருக்கு வெளியே நடக்க வேண்டாம். விளிம்பும் தெரியாது, விலங்குகள் நடமாடும் நேரமும் அது.

குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பையோ நெருப்புச் சட்டியையோ வைத்துக்கொண்டு, கதவு ஜன்னலை அடைத்துவிட்டுத் தூங்கக் கூடாது. விடுதியில் அன்போடு கொண்டுவந்து கொடுத்தாலும் கூடாது. எரிவதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். இன்னொருவர் உடன் இருந்தால் தலைவலி என்று எழுந்து கதவைத் திறக்கவாவது வாய்ப்புண்டு. தனியாக இருப்பவருக்கு அதுவும் இல்லை. காற்றுப் போக வழியில்லாத குளியலறையில் எரிவாயுவால் இயங்கும் வெந்நீர்க் கருவி இருந்தாலும் இதே எச்சரிக்கைதான். இன்னொரு போர்வை கேளுங்கள். வெந்நீரைக் கசியாத பாட்டிலில் ஊற்றித் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். சில மணி நேரம் கதகதப்பு நிற்கும்.

படுக்கும் முன் பகலில் அணிந்த எல்லாவற்றையும் மாற்றுங்கள். காய்ந்ததாகத் தெரிந்தாலும் அதில் வியர்வையின் ஈரம் இருக்கும், இரவில் அதுதான் நடுங்க வைக்கும். உயரமான ஊர்களில் முதல் ஓரிரு இரவு தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். மூச்சு சில விநாடி நின்று பெருமூச்சோடு தொடர்வதுபோல் விழிப்பு வரலாம். உடல் புதிய காற்றுக்குப் பழகும்போது இப்படி ஆவதுண்டு, பயப்பட வேண்டாம். அதற்காகத் தூக்க மாத்திரையைத் தேடாதீர்கள்.

நாளைய பையை இப்போதே கட்டிவிடுங்கள்: தண்ணீர், தின்ன ஏதாவது, கம்பளி, மழை மேலங்கி, விசில், டார்ச், முழுக்க மின்னூட்டிய பவர் பேங்க். பவர் பேங்கை மட்டும் இரவில் பையில் விடாமல் தலையணைக்கு அருகில் வையுங்கள். அதுவும் குளிரில் சோரும். டார்ச்சும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். மின்சாரம் நின்றால் மலை இரவில் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. வெளிவாசலைக் காலையில் யார் திறப்பார் என்று கேட்டுவிட்டீர்களா? கேட்கவில்லை என்றால் இப்போதே போய்க் கேட்டுவிட்டு வந்து படுங்கள்.